கூரத்துச் செப்பேடும் தஞ்சையில் ஒரு கிறிஸ்துமஸ் வாரமும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்றால் வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். வரலாற்று ஆர்வலர்களுக்கோ பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தச் செப்பேட்டைப் பெருவளநல்லூர்ப் போர் வருணனைக்காகவே பெரும்பாலோர் புரட்டுகின்றனர். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. பரமேஸ்வரமங்கலம் என்னும் ஊரை மன்னன் 25 பங்குகளாக்குகிறான். இருபது பங்குகள் நான்மறை கற்ற இருபது அந்தணர்களுக்கு. மூன்று பங்குகள் சிவன் கோவிலின் வழிபாட்டிற்கும் பராமரிப்பிற்கும். எஞ்சிய இரண்டில் ஒன்று கூரத்து மண்டபத்திற்கு நீரும் நெருப்பும் அளிப்பவருக்கு. மற்றொன்று அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு.

கதை சொல்பவனுக்கு ஓர் இடமும், அங்கே விளக்கெரிய நெருப்பும், குடிக்க நீரும், அவன் பிழைக்க ஒரு பங்கு நிலமும் வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் 18ஆம் நாள் தஞ்சையில் நண்பர் ஒருவரின் வீட்டில் போய் இறங்கியபோது இந்தச் செப்பேடு என் நினைவில் இல்லை. கிறிஸ்துமஸ் வரை தங்கும்படி நண்பர் வற்புறுத்தியிருந்தார். நான்கு அண்ணன் தம்பிகள், அவர்தம் மக்கள், வெளியூரிலிருந்து வந்த அத்தைமார் என அன்று அந்த வீட்டில் இருபத்து மூன்று பேர். முற்றத்தில் ஒருபுறம் சுண்ணாம்பு அடித்துக் கொண்டிருந்தனர். மறுபுறம் அதிரசத்திற்கு ஊறவைத்த பச்சரிசி நிழலில் உலர்ந்து கொண்டிருந்தது. மாவை வெல்லப் பாகில் கிளறி இரண்டு மூன்று நாட்களாவது வைத்திருந்தால்தான் அதிரசம் பதமாக வரும் என்பதால் வாரத்தின் தொடக்கத்திலேயே அந்த வேலை முடிந்தாக வேண்டும். பிறகு முறுக்கு, அதன்பின் உருண்டை. தையற்காரரிடம் நடையாய் நடக்கும் பொறுப்பு கல்லூரி மாணவன் ஒருவனுக்கு. மூங்கில் பிளாச்சில் வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்யும் வேலை சிறுவர்களுக்கு. இரவானால் இளையவர்கள் கீதபவனிக்குக் கிளம்பி விடுவர். விடியும் நேரத்தில் தொண்டை கட்டிப்போய்த் திரும்புவர்.

இத்தனைக்கும் நடுவே, மாலை ஏழு மணி அடித்தால் எல்லா வேலையும் நின்றுவிடும். வீட்டின் மூத்தவரான அப்பாயி கூடத்தில் வந்து அமர்வார். ஆர்மோனியம் வெளியே வரும். ஒன்றரை மணி நேரம் கீர்த்தனைப் பயிற்சி. அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று ஒரு மருமகள் ஒருநாள் தயங்கியபோது அப்பாயி சொன்னது: "முறுக்கு தீஞ்சா வேற மாவு பிசைஞ்சுக்கலாம். சாஸ்திரியார் பாட்டு தப்பாப் போனா யாரு வந்து திருத்துறது? வந்து உக்காரு."

அவர் குறிப்பிட்டது வேதநாயகம் சாஸ்திரியாரை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த அவரைப் பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்து வந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவரே. தரங்கம்பாடியிலும் பயின்று, இளம் வயதிலேயே தஞ்சையில் ஆசிரியரான சாஸ்திரியார், 1800ஐ ஒட்டி இயற்றியது பெத்தலேகம் குறவஞ்சி. குறவஞ்சி இலக்கணப்படி தலைவன் உலா வருகிறான், தலைவி மையல் கொள்கிறாள், குறத்தி குறி சொல்கிறாள். இங்கே தலைவன் பெத்தலேகத்து நாதன். தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி. கதிரவனைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானியலும் இந்நூலில் இடம்பெற்றிருப்பது வியப்பு! அதே ஊரில், பெரிய கோவிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி ஆடப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். இருவேறு சமயம், ஆனால் கேட்கும் காது ஒன்றுதான்.

இங்கே ஒரு சிறு விலகல். அக்காலத் தமிழகத்தில் கிறிஸ்துமஸ் ஒரே நாளில் வரவில்லை. தரங்கம்பாடியை ஆண்ட டேனியர் 1700லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டனர். ஆங்கிலேயரோ 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்தனர். ஆகவே 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னைக் கோட்டையில் டிசம்பர் 25 விடிந்தபோது தரங்கம்பாடியில் ஜனவரி 5. இரண்டு ஊரிலும் உறவினர் உள்ள குடும்பம் என்றால் பலகாரம் இருமுறை சுட்டிருக்க வேண்டும்!

சாஸ்திரியாருக்கு வருவோம். 1820களில் தஞ்சைத் திருச்சபை புதிய தலைமுறை மிஷனரிகளின் கைக்குச் சென்றது. அவர்களோடு அவருக்கு மூண்ட பூசலின் சாரத்தை நான்கு கொடுமைகளாக அவர் எழுதி வைத்தார். பழகிய தமிழ் வேதாகமத்தைத் திருத்தியது. நற்கருணையில் சாதி வேறுபாடின்றிக் கலக்கச் சொன்னது. திருமணத்திலும் பண்டிகையிலும் பூவை விலக்கியது. ஆலயத்திலிருந்து தமிழ்ப் பாட்டையும் இசையையும் நீக்கியது. 1829இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஐம்பத்தைந்து வயதில் பிழைப்பை இழந்த கவிஞரை ஆதரித்தவர் பழைய தோழரான சரபோஜி மன்னர்தான். கூரத்துச் செப்பேட்டின் அந்த ஒரு பங்கு எனக்கு நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் இதைப் பாட்டுக்காகப் போராடிய கவிஞரின் கதையாக மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. பூவும் பாட்டும் பற்றிய அவர் வழக்கு நியாயமானது. சாதி பற்றிய அவர் வழக்கு நியாயமற்றது. அவர் மனத்தில் இவை ஒரே தறியில் ஓடிய பாவும் ஊடையும். முன்னோர் வழக்கம் என்னும் ஒரே பெயரால் நான்கையும் காக்க முயன்றார். மறுபுறம், சாதியை ஒழிக்க வந்தவர்களோ மல்லிகையையும் மிருதங்கத்தையும் சேர்த்தே ஒழிக்கப் பார்த்தனர். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையில் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. இறுதியில் பாட்டு மீண்டு வந்தது. இன்று சீர்திருத்த ஆலயங்களில் மேலைநாட்டு மெட்டுகளில் அமைந்த பாமாலையும் நம் இராகங்களில் அமைந்த கீர்த்தனையும் அருகருகே பாடப்படுகின்றன. சாஸ்திரியாரின் பரம்பரையினரும் அப்பட்டத்தோடு பாடும் மரபைத் தொடர்ந்து வந்துள்ளனர்.

22ஆம் தேதி இரவு, பயிற்சி முடிந்தபின் நண்பரின் பெரியப்பா திண்ணையில் என்னிடம் ஒன்று சொன்னார். அவர்களுடைய முன்னோர், சாஸ்திரியார் எவரோடு ஒரே பாத்திரத்தில் பருகக் கூடாதென்று வாதாடினாரோ, அந்த மக்கள். ஆலயத்தில் மறுபக்கத்தில் அமர வைக்கப்பட்டவர்கள். தாம் இளைஞராக இருந்தபோது இது தெரியவந்ததும், அவருடைய பாட்டை இந்த வீட்டில் பாடக்கூடாது என்று சண்டையிட்டதாகவும், இரண்டு கிறிஸ்துமஸ் கூடத்துப் பயிற்சியில் உட்காரவே இல்லை என்றும் சொன்னார்.

"பிறகு?" என்றேன்.

உள்ளேயிருந்து அப்பாயிதான் பதில் சொன்னார். "கூட உக்கார வேண்டாம்னுதான சொன்னாரு? பாட வேண்டாம்னு சொல்லலையே. பாடுவோம். அவரு வேணா எந்திரிச்சுப் போகட்டும்."

பெரியப்பா சிரித்தார். ஆனால் அந்த வாரம் முழுதும், ஒரு குறிப்பிட்ட கீர்த்தனை வரும்போது அவர் எழுந்து வாசலுக்குச் சென்றதை நான் கவனித்திருந்தேன். அது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எந்தக் கீர்த்தனை என்று நான் கேட்கவில்லை.

24ஆம் தேதி காலை அத்தை ஒருவர் பூச்சந்தைக்குப் போய் உதிரி மல்லிகையும் கனகாம்பரமும் கூடையோடு வாங்கி வந்தார். பகல் முழுக்கப் பெண்கள் வட்டமாக அமர்ந்து தொடுத்தனர். தீபாவளிக்குப் பட்சணம் தந்த வீடுகளுக்கெல்லாம் தட்டுகள் போய் வந்தன. எல்லோர் தலையிலும் பூ. வாசல் நிலையில் ஒரு சரம். ஆர்மோனியத்தின் மேல் ஒரு முழம். விடியற்காலை ஆராதனைக்கு மூன்றரை மணிக்கே வீடு விழித்துக்கொண்டது. இருபத்து மூன்று பேருக்கும் வெந்நீர் போட்டுக் கொடுத்தவர் பெரியப்பா.