சித்தூர் எல்லையில் வானொலித் தொடர்: ஒரு நேயர் வரலாறு

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தை விட்டுப் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1இல் அதிலிருந்த திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இப்படி மாறினாலும் கேட்கும் நிலையம் மாறவில்லை. 1938 ஜூன் 16இல் தொடங்கிய சென்னை வானொலி தமிழிலும் தெலுங்கிலும் ஒலிபரப்பியது. விஜயவாடா நிலையம் 1948 டிசம்பரிலும், கடப்பா நிலையம் 1963இலும்தான் வந்தன. நகரி, புத்தூர், சத்தியவேடு போன்ற இருமொழி ஊர்களின் வானொலி நேயர்களை மாநில வரைபடத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அலை எட்டிய தூரத்தை வைத்தே தேட வேண்டும்.

அந்த நேயர்கள் கேட்ட தொடர் நாடகம் இரண்டு வழிகளில் வளர்ந்தது. அமெரிக்காவில் வளர்ந்தது விளம்பரப் பணத்தால். சிகாகோவில் 1930இல் இர்னா பிலிப்ஸ் தொடங்கிய ‘பெயின்டட் ட்ரீம்ஸ்’ இதற்கு முன்னோடி. பின்னர் சோப்பு நிறுவனங்கள் இத்தகைய தொடர்களுக்குப் பணம் கொடுத்தன. பிரிட்டனிலோ 1951இல் நாடு முழுவதற்கும் ஒலிபரப்பான ‘தி ஆர்ச்சர்ஸ்’, உழவர்களுக்கு வேளாண் செய்திகளைக் கதையோடு சொல்லப் பிறந்தது. 1967 வரை விளம்பரமே இல்லாத அகில இந்திய வானொலி இரண்டாவது வழிக்கே நெருக்கமாக இருந்தது. அதன் கிராம நிகழ்ச்சிகளில் நிலையான பாத்திரங்கள் பேசிப் பேசியே வீட்டு மனிதர்களானார்கள்.

விளம்பரப் பணத்தால் நடக்கும் அந்த முதல் வழி நம் பக்கம் வந்தது இலங்கையிலிருந்து. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கியதும், பாட்டுக்காக நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் அகில இந்திய வானொலியின் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பாட்டுக்காகப் போனவர்கள் நாடகத்துக்கும் காது கொடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இலங்கை வானொலியின் 1970களின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி சிங்களம் கலந்த தமிழ். ஐயர் பிராமணத் தமிழ். முகம் காட்ட முடியாத ஊடகத்தில் பேச்சுவழக்கே முகம். வீட்டில் ஒன்றும் சந்தையில் வேறொன்றும் பேசிப் பழகிய எல்லையோரக் காதுக்கு இந்தக் கலப்பு அந்நியமாக இருந்திருக்காது. 1976இல் இத்தொடர் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமானது. மரிக்காராக நடித்த எஸ்.ராம்தாஸ் பின்னாளிலும் ‘மரிக்கார்’ ராம்தாஸாகவும், உபாலியாக நடித்த செல்வசேகரன் ‘உபாலி’ செல்வசேகரனாகவுமே அறியப்பட்டார்கள்.

இந்தப் பெயர்களை நான் வரலாற்றுச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். தபால் நிலையத்தில் கட்டிய ரேடியோ லைசென்ஸ் பெட்டிகளைத்தான் எண்ணியது. டீக்கடை வாசலில் நின்று கேட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் நடிகரின் பெயரோடு பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். தெலுங்கிலும் இதே கதைதான். சென்னை நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திய நியாயபதி ராகவ ராவ் ‘ரேடியோ அண்ணய்யா’ ஆனார். அவர் மனைவி காமேஸ்வரி ‘ரேடியோ அக்கய்யா’. நாடக நடிகரானாலும் நிகழ்ச்சி நடத்துநரானாலும் நேயர்கள் வானொலி தந்த பெயராலேயே அழைத்தார்கள்.

1984இல் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கி, வீட்டுத் தொடர் தொலைக்காட்சிக்குப் போயிற்று. ஆனாலும் 1996–97இல் அகில இந்திய வானொலியின் இந்தித் தொடர் ‘தின்கா தின்கா சுக்’, 104 பகுதிகள் ஓடியது. அதைக் கேட்ட உத்தரப் பிரதேசத்தின் லுத்சான் கிராமத்தார், வரதட்சணை வாங்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம் என்று உறுதி கூறி 184 பேர் கையொப்பமும் கைநாட்டும் இட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டே ஆய்வாளர்கள் அந்த ஊருக்குப் போனார்கள்.

அதேபோல இங்கும் நேயர்களைத் தேடிப் போகலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் சென்னையையும் இலங்கையையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டியிருக்கும். குப்பத்திலுள்ள திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற இருமொழி அறிந்த நிறுவனம், அவர்கள் எந்தக் குரலை எந்தப் பெயரால் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதை ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்ய வேண்டும்.