பிரெஸ்ரன் புள்ளியைத் தாண்டிய விமானம்

பஸ்ஸை ஓரமா நிப்பாட்டலாம், வானத்தில விமானத்தை நிப்பாட்டேலாது. ஓடுபாதை கிடைக்கும்வரை ஒரு புள்ளியில் சுற்றிக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். ஓட்டப்பந்தயத் தடம் மாதிரியான சுற்று. வழமையாக வலப்பக்கத் திருப்பம். 14,000 அடி வரைக்கும் புள்ளியை நோக்கி வரும் நேர்கோடு ஒரு நிமிடம்.

முகிலுக்குள் வெளியே ஒண்டும் தெரியாது. எந்தத் திசையால வந்தாலும் சுற்றுக்குள் ஒழுங்காக நுழைய வேண்டும். அதற்கு மூன்று வழிகள்: நேரடி, சமாந்தரம், கண்ணீர்த்துளி. இதைக் கெதியாகக் கண்டுபிடிக்கச் சுழற்றிப் பார்க்கும் பிளாஸ்ரிக் தட்டுகள் வந்தன. தட்டு இல்லாதவர் திசைகாட்டியில் பென்சிலையோ பெருவிரலையோ வைத்துப் பார்ப்பார். வலச்சுற்று எண்டால், புள்ளியை விட்டு விலகும் திசை விமானத்தின் மூக்குக்கு வலப்பக்கம் 70 பாகைக்குள் கிடந்தால் கண்ணீர்த்துளி. இடப்பக்கம் 110 பாகைக்குள் கிடந்தால் சமாந்தரம். மிச்ச 180 பாகையும் நேரடி.

ஆனால் இந்தத் தட்டு எப்படி நுழைவது எண்டு மட்டும்தான் சொல்லும். புள்ளி எங்கே எண்டு சொல்லாது.

1960 டிசெம்பர் 16. நியூயோர்க்கை முகில் மூடியிருந்தது. யுனைற்றட் நிறுவனத்தின் டிசி-8 ஜெட் விமானத்தைப் பிரெஸ்ரன் என்ற புள்ளியில் சுற்றி நிற்கச் சொல்லியிருந்தார்கள். பிரெஸ்ரன், இரண்டு வானொலி நிலையங்களின் கோடுகள் வெட்டும் இடம். விமானத்தின் இரண்டு வானொலி வாங்கிகளில் ஒன்று பழுது. அதைக் கட்டுப்பாட்டாளருக்கு அறிவிக்கவில்லை. கடைசி நேரத்தில் பாதையும் சுமார் 11 மைல் குறுக்கப்பட்டது. விமானம் அதிக வேகத்தோடு பிரெஸ்ரனைத் தாண்டிப்போய், ரி.டபிள்யூ.ஏ நிறுவனத்தின் கொன்ஸ்ரலேஷன் விமானத்தோடு மோதியது. ஒன்று ஸ்ரேட்டன் தீவில் விழுந்தது, மற்றது புரூக்ளின் வீதியில். இரண்டு விமானங்களிலும் 128 பேர், தரையில் 6 பேர், மொத்தம் 134 பேர் இறந்தார்கள்.

ஜெட் விமானம் தன் எல்லையைத் தாண்டியதே காரணம் என்றது விசாரணை. வேகத்தையும் குறுக்கப்பட்ட பாதையையும் சேர்த்தே குறிப்பிட்டது. 'விமானியின் பிழை' எண்டு ஒரே சொல்லில முடிச்சிருந்தால் அதோட கதை முடிஞ்சிருக்கும். 1961இல் அமெரிக்காவில் விதிகள் மாறின: கருவி பழுதென்றால் உடனே அறிவிக்க வேண்டும், சேருமிடத்தை நெருங்கும்போது 10,000 அடிக்குக் கீழே 250 நொட் வேகத்தைத் தாண்டக்கூடாது.

இண்டைக்கு முகிலுக்குள்ளால இறங்கும் விமானத்தில் நாங்கள் பயமில்லாமல் இருப்பதற்கு அந்த 134 பேரும் ஒரு காரணம்.