பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையார்

நெல்லைச் சீமையினின்று மைசூருக்குக் குடியேறிய நம்மவருட் பலர் பாளையங்கோட்டைப் 'பாப்பாத்தியம்மாள் கோயிலை' அறிந்திருப்பர். அது ஒரு கிறிஸ்தவ ஆலயம் என்பதும், அதனை எழுப்பியவர் ஒரு பிராமண விதவை என்பதும் அனைவருக்கும் தெரியுமோ, ஐயமே.

தஞ்சை மராட்டியப் பிராமணக் குலத்திற் பிறந்த அவ்வம்மையாரைக் கணவரின் சிதையினின்று லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மீட்டார் என்பர். அவரோடு வாழ்ந்த நாளில் அம்மையார் ஞானஸ்நானம் வேண்டினார். முறைப்படி மணவாதவர்க்கு அஃது இயலாதென ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பின்னரே, 1778 இல், கிளாரிந்தா என்னும் பெயரோடு அது கிட்டிற்று. 1780 இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர், முதற்பெயர் அவருடையது. 1785 இல் ஆலயமும் எழுந்தது. அ. மாதவையா இவரை வைத்து 1915 இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

ஆயினும் 1790 இல் குருப்பட்டம் பெற்றவர் உபதேசியார் சத்தியநாதனே. சபையை உண்டாக்கிய பெண்ணுக்கு அப்பட்டம் அக்காலத்தில் இல்லை.

இங்கேதான் சிலுவை குறுக்கே வருகிறது. கிறிஸ்து வாய் திறவாது சிலுவை சுமந்தார். பெண்ணும் அவ்வாறே பணிந்து பொறுத்திருத்தல் வேண்டும் என ஒரு சாரார் போதித்தனர். அந்தத் தாழ்மை போதித்த ஆடவர்க்கும் உரியதன்றோ? மற்றொரு சாரார், யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன், ஆண் பெண் என்னும் வேற்றுமை கிறிஸ்துவுக்குள் இல்லை என்ற பவுலின் கொள்கையைப் பற்றி நின்றனர்; பிரிவினைச் சுவரைத் தகர்த்தது சிலுவையே என்றனர். அன்றியும், சீடர் பலர் அஞ்சி ஓடியபோது சிலுவையருகே நின்றவர் பெண்டிர். உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடர்க்கு உரைக்க அனுப்பப்பெற்றவள் மகதலேனா மரியாள். சாட்சி சொல்லத் தக்கவள் பீடத்தில் நிற்கத் தகாதவளோ? இவ்வாதமே வலியது என்பது என் துணிபு.

1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மைசூரும் அதன் திருமண்டிலங்களுள் ஒன்றாயிற்று. அத்திருச்சபை பெண்ணுக்கு முதன்முதல் குருப்பட்டம் அளித்தது 1976 இல். அப்பதிவேட்டிற்கு 196 ஆண்டுகள் கழித்து! நம் மைசூரின் பிலோமினா பேராலயம் சார்ந்த கத்தோலிக்கத் திருச்சபையிலோ குருத்துவம் இன்றும் ஆடவர்க்கே உரியது. 2013 இல் ஆந்திரத்து நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். தென்னிந்தியத் திருச்சபையில் அப்பதவி ஏறிய முதற் பெண்மணி அவரே.