மாடி கட்டக் கேட்ட அனுமதி

கன்னியாகுமரி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டின் ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டு, கான்கிரீட் தளமிட்டு மேலே ஓர் அறை எடுக்கச் சித்தப்பா முடிவு செய்தார். வரைபடம் தயாராயிற்று. பட்டா மட்டும் எப்போதோ இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. "சொந்த வீட்டில மாடி எடுக்க ஊரெல்லாம் கையெழுத்தா?" என்று அவர் அலுத்துக்கொண்டார். அந்த மண்ணில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த இப்பகுதி முன்னர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு சாணார் என்றழைக்கப்பட்ட மக்கள் எவற்றையெல்லாம் செய்யலாகாது என்பதை லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியான தம் நூலில் பதிந்திருக்கிறார். குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன் நகை பூணலாகாது, பசுவைக் கறக்கலாகாது. இவற்றோடு இன்னொன்று: ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டலாகாது. தமிழக நாடார்களைப் பற்றி 1969இல் நூல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவும் இத்தடைகளைக் குறிப்பிடுகிறார்.

பட்டியலில் மாடி, குடைக்கும் செருப்புக்கும் அருகில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். சுவர் தாங்குமா, தீப்பிடித்தால் பக்கத்து வீடு என்னவாகும் என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. வீடும் ஓர் உடுப்பாகக் கருதப்பட்டது. யார் எதை உடுத்தலாம் என்பதை வழக்கமும் அதற்குப் பின்னால் நின்ற அரசும் தீர்மானித்தன. மண்சுவரின்மேல் பனையோலையை மாற்றி வேய எவரையும் கேட்க வேண்டியதில்லை. உயரத்தில் கை வைத்தால்தான் குற்றம்.

வடக்கே மலபாரிலோ கூரையின் பொருளே தகுதியின் அடையாளமாயிருந்தது. ஓடு கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியது. பிறர் ஓடு வேய ஆட்சியாளரின் இசைவு வேண்டும். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். களிமண்ணை எந்திரத்தில் அழுத்தி, ஒன்றோடொன்று கவ்வும்படி செய்த ஓடு அது. பின்னர் மேற்குக் கரையில் இத்தகைய தொழிற்சாலைகள் பெருகின. அரண்மனைக்குரிய பொருள் கடைச்சரக்காகிவிட்ட பிறகு, யார் தலைமேல் அது இருக்கிறது என்று எவ்வளவு காலம் கணக்குப் பார்க்க முடியும்? ஆணைகளைவிட இந்தச் சிவப்பு ஓடு சாதித்தது அதிகம் என்பது என் எண்ணம்.

தோள்சீலைப் போராட்டத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1829ஆம் ஆண்டு ஆணையையும், சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பின் 1859இல் வந்த அரசப் பிரகடனத்தையும் மேற்கோள் காட்டுகிறோம். அதே பட்டியலில் இருந்த வீட்டைப் பற்றி நாம் பேசுவது குறைவு. மலைத்தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் போய் உழைத்தவர்கள் பணத்தோடு திரும்பினார்கள். கூரைகள் ஒவ்வொன்றாக மாறின. ஆரவாரமில்லாமல் நடந்ததாலேயே அது வரலாற்றில் இடம்பெறாமல் போயிற்றோ என்னவோ.

இன்று நாம் அறியும் கட்டட அனுமதி வேறொரு மரபில் வந்தது. சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சிற்றூர்க் கூட்டங்களான யூனியன்களுக்கு வீட்டுவரி விதிக்கும் உரிமையைக் கொடுத்தது. அரசு முதலில் வீட்டைக் கண்டது வரிக்காகத்தான். சுதந்திரத்துக்குப் பின், 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்கீழ் 1997இல் ஊராட்சிக் கட்டட விதிகள் வந்தன. 2019இல் நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான ஒருங்கிணைந்த விதிகள் வந்தன. இவை தெருவின் அகலத்தையும், பக்கத்து மனைக்கு விடவேண்டிய இடத்தையும், உயரத்தையும் கேட்கின்றன. கட்டுபவர் யார் பிள்ளை என்று கேட்பதில்லை. இது சிறிய மாற்றமன்று.

ஆனால் கட்டுபவர் எந்தக் காகிதத்தை வைத்திருக்கிறார் என்று கேட்கின்றன. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளத்துக்கு மேல் ஒரு தளம் என்றால் இணையம் வழியே உடனடியாக அனுமதி பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கும் நிலம் தம்முடையது என்று காட்ட ஆவணம் வேண்டும். தலைமுறைகளாக வாய்ச்சொல்லில் பங்கு பிரித்துக்கொண்ட குடும்பங்கள் கிராமங்களில் எத்தனை! பதிவுக் காகிதம் யாரிடம் முன்பே சேர்ந்தது, யாரிடம் சேரவில்லை என்று பார்த்தால், பழைய பட்டியலின் நிழல் சில இடங்களில் தெரியத்தான் செய்யும். விதியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நெருக்கமாக ஓலைக் குடிசைகள் எரிந்ததைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

சித்தப்பா வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்திருக்கிறார். இரண்டு அத்தைகளின் கையெழுத்து வாங்கியாயிற்று. மூன்றாமவர் மும்பையிலிருந்து வரவேண்டும். முன்திண்ணையின்மேல் மட்டும் அவசரப்பட்டு ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். பிரித்த ஓடுகளைக் கிணற்றடியில் அடுக்கி, திண்ணைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள்.