கடாரக் கரையும் காட்சிக் கோப்பும்: தொலைக்காட்சித் தயாரிப்பில் பொது வடிவம் ஏற்கப்பட்ட வரலாறு

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் லங்காவித் தீவில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. மலேசியாவில் முற்றிலுமாக மின்னிலக்க ஒளிபரப்புக்கு மாறிய முதற் பகுதி, கோலா கெடாத் துறையிலிருந்து படகேறிச் செல்வோர் நன்கறிந்த அத்தீவே ஆகும். அவ்வாண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் இம்மாற்றம் நிறைவுற்றது. வீட்டில் புதிய பெட்டி ஒன்றை வாங்கி இணைக்க வேண்டியிருந்தமையால் இது மக்கள் கண்ணுக்குப் புலப்பட்ட மாற்றம். ஆனால் நிலையங்களின் உள்ளே நாடாவிலிருந்து கோப்புக்கு மாறிய மாற்றமோ பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிப் பார்வையாளர் அறியாமலே நடந்தேறியது. கெடா மாநிலத் தோட்டப்புற வாழ்வின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இவ்விரண்டாம் மாற்றமே மிகவும் இன்றியமையாதது என்பது நம் கருத்தாகும்.

மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. 1978இல் வண்ணம் பெற்றது. உலகெங்கும் தொடக்கக் காலச் செய்திப் படங்கள் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் படச்சுருளிலேயே எடுக்கப்பட்டன. பின்னர் 1971இல் யு-மேட்டிக், 1982இல் பீட்டாகேம், 1986இல் பீட்டாகேம் எஸ்.பி., 1993இல் டிஜிட்டல் பீட்டாகேம் என நாடா வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கருவி வேண்டும் என்பது குறைதான். எனினும் ஒரே வகை நாடாவைக் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இலண்டனிலும் அவ்வகைக் கருவியிலிட்டு ஓட்ட இயன்றது. 1990களில் கணினிவழிப் படத்தொகுப்பு பரவியபோது இந்த வசதி குலைந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கோப்பு வடிவத்தை வகுத்துக்கொண்டது. ஒருவர் தொகுத்ததை மற்றொருவர் திறக்க வேண்டுமெனில் மீண்டும் நாடாவிற்கே மாற்றிக் கொடுக்க வேண்டிய விந்தையான நிலை ஏற்பட்டது.

இதற்குத் தீர்வு காண ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும், எஸ்.எம்.பி.டி.இ. எனப்படும் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமும் இணைந்து ஒரு பணிக்குழுவை அமைத்தன. அதன் இறுதி அறிக்கை 1998இல் வெளிவந்தது. அதன் வழிவந்த எம்.எக்ஸ்.எஃப். என்னும் வடிவம் 2004இல் தரநிலையாக வெளியிடப்பட்டது. இவ்வடிவம் படத்தையோ ஒலியையோ சுருக்கும் முறையன்று. அவற்றை உள்ளடக்கும் உறை மட்டுமே. உறையினுள் உள்ள ஒவ்வொரு கூறும் மூன்று பகுதிகளைக் கொண்டது: அது யாது என்று உணர்த்தும் அடையாளக் குறி, அதன் நீளம், அதன் உள்ளீடு. தனக்குப் புரியாத குறியைக் காணும் கருவி, குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டி அடுத்த கூறுக்குச் சென்றுவிடலாம். படத்தோடு தலைப்பு, நாள், இடம் முதலிய விவரங்களையும் அதே உறையிலேயே வைக்க இயலும்.

கடாரம் பற்றிப் பேசும் ஆனைமங்கலச் செப்பேடுகள் ஈண்டு நினைவுக்கு வருகின்றன. லெய்டன் பெரிய செப்பேடு என அறியப்படும் அத்தொகுதியில் 21 ஏடுகள் உள்ளன. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் சோழ முத்திரையுடைய ஒரே வளையத்தில் கோக்கப்பட்டிருந்தமையாலேயே, கடாரத்து மன்னன் எடுப்பித்த நாகப்பட்டினத்து விகாரத்திற்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்ட செய்தி சிதறாமல் நமக்குக் கிடைத்தது. ஒப்புமையை இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை.

தரநிலை வந்தவுடன் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2003இல் சோனி நிறுவனத்தின் எக்ஸ்.டி.கேம் வட்டும், 2004இல் பானசோனிக் நிறுவனத்தின் பி2 அட்டையும் வந்தன, இரண்டும் எம்.எக்ஸ்.எஃப். வடிவையே கையாண்டன. ஆயினும் முன்னது படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பில் வைத்தது. பின்னது அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தது. ஒரே பெயர் தாங்கிய இரு கோப்புகளை ஒரே கருவி படிக்கும் என்ற நம்பிக்கை பொய்த்தது. தரநிலை எல்லாருக்கும் இடந்தர முயன்றதால் மிகவும் அகன்று போயிற்று என்றே நாம் மதிப்பிடுகிறோம். பிரிட்டனில் பிபிசி, ஐ.டி.வி., சானல் 4 ஆகியவை ஒன்றுகூடி, ஏ.எஸ்.-11 என்னும் கட்டுப்பாட்டுக்குள் அதனைக் குறுக்கி, 2014 அக்டோபர் 1 முதல் நிகழ்ச்சிகள் கோப்பாகவே வழங்கப்பட வேண்டும் என்று வரையறுத்தன. வாங்குவோர் ஒன்றுபட்டு நின்ற பின்னரே விற்போர் ஒரு வழிக்கு வந்தனர்.

தமிழுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1991இல் வெளியிட்ட எஸ்.டி.எல். என்னும் துணையுரைக் கோப்பு வடிவத்தில் இலத்தீன், சிரில்லிக், அரபு, கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றுக்கே எழுத்து அட்டவணைகள் இருந்தன, தமிழுக்கு இல்லை. தமிழ்ப் படத்திற்கு மலாய்த் துணையுரை இட அது போதும். மலாய்ப் படத்திற்குத் தமிழில் இட இயலாது. எம்.எக்ஸ்.எஃப். கோப்போ தன் விவரக் குறிப்புகளை யூனிகோடில் எழுத இடமளிக்கிறது. துணையுரைக்கும் 2010இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் ஏற்ற டி.டி.எம்.எல். வடிவம் அவ்வாய்ப்பைத் தந்தது. யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், ஒளிபரப்புத் துறைக்கு அது வந்துசேர இத்துணைக் காலம் ஆயிற்று.

எழுத இடமிருப்பது வேறு, தேடிக் கண்டெடுப்பது வேறு. ‘கோலா கெடா’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடும் அவற்றை நிகர் என்றே கொள்கிறது. ஆனால் அவற்றை ஒருமைப்படுத்தாமல் ஒப்பிடும் தேடுபொறிக்கு அவை இரு வேறு சொற்கள். உரோமன் எழுத்தில் எழுதினால் தொல்லை குறையுமென எண்ணுவதும் தவறு. 1972இல் மலாய் எழுத்துமுறை சீர்திருத்தம் பெற்றபின், ‘சுங்கெய் பட்டானி’ என்று ஒலிக்குமாறு எழுதப்பட்ட ஊரின் பெயர் ‘சுங்காய் பெட்டானி’ என்ற வடிவத்திற்கு மாறியது. நாமோ சுங்கைப்பட்டாணி என்கிறோம். ஒரே தைப்பூசத் தேரோட்டக் காட்சி மூன்று பெயர்களின்கீழ் கிடக்கக் கூடும்.

தோட்டத் துண்டாடலாலும், இரப்பர் செம்பனையாக மாறியதாலும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களாலும் கெடாவின் பல தோட்டக் குடியிருப்புகள் உருத்தெரியாமல் போயின. பெரட்டுக்களம், லயன் வீடுகள், தோட்டத்துக் கோயில், அதன் அருகிலிருந்த தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் நடமாடும் உருவம் எஞ்சியிருக்கக் கூடிய இடங்களுள் நிலையங்களின் நாடாக்களும், மக்கள் தம் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் எடுத்த வி.எச்.எஸ். நாடாக்களும் குறிப்பிடத்தக்கவை. நாடா கெடும் என்பது பாதி உண்மையே. அதனை ஓட்டும் கருவி அதற்கு முன்பே மறைகிறது. யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, காட்சிக் காப்பகங்களின் சங்கமும் 2019இல் விடுத்த எச்சரிக்கையில், 2025ஐ ஒட்டிப் பல இடங்களில் காந்த நாடாக்களைப் படியெடுப்பது இயலாததாகிவிடும் என்ற துறையினரின் மதிப்பீட்டைச் சுட்டின. அவ்வாண்டும் கடந்துவிட்டது.

எந்த வடிவில் படியெடுப்பது என்பதில் காப்பகங்களிடையே ஒருமித்த கருத்தில்லை. பெரு நிறுவனங்கள் பல எம்.எக்ஸ்.எஃப். உறையை நாட, சிறு காப்பகங்கள் பல கட்டணமற்ற எஃப்.எஃப்.வி.1 முறையையும் மட்ரோஸ்கா உறையையும் விரும்புகின்றன. முன்னது 2021இலும் பின்னது 2024இலும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணங்களாக வெளியாயின. தமிழ்ப்பள்ளியோ கோயில் நிர்வாகமோ தம்மிடமுள்ள நாடாக்களைப் படியெடுக்க முன்வருமாயின் இரண்டாம் வழியே அவற்றின் கைக்கு எட்டுவது என்று கருதுகிறோம். அவ்வாறு படியெடுக்கையில் தோட்டத்தின் பெயரை மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரிலும், துரைமார் பதிவேட்டில் இருந்த பெயரிலும், இன்றைய மலாய் எழுத்துமுறையிலும் என மூன்றாகவும் கோப்பினுள்ளேயே பதிந்து வைத்தல் வேண்டும். அப்பெயர்களை அறிந்த முதியோர் பலர் இன்னும் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பகுதிகளில் வாழ்கின்றனர்.