வாளியும் பூச்செண்டும்

ஆங்கிலத்தில் ‘பக்கெட்’ என்றால் வாளி. ‘பூக்கே’ என்றால் பூச்செண்டு. 1990 முதல் 1995 வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘கீப்பிங் அப் அப்பியரன்ஸஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரின் தலைவி ஹயசிந்த், கணவர் வழியில் வந்த ‘பக்கெட்’ என்னும் குடும்பப் பெயரைப் ‘பூக்கே’ என்றே பிரெஞ்சு முறையில் உச்சரிக்க வேண்டுமென்று எல்லோரையும் வற்புறுத்துகிறார். தபாற்காரர்கூட இதற்கு விலக்கல்லர். ராய் கிளார்க் எழுதிய அத்தொடரின் 44 பகுதிகளும் ஏறக்குறைய இந்த ஒரு வாளியைச் சுற்றியே சுழல்கின்றன எனலாம்.

நேயர்களே, ஓர் அம்மையார் தம் பெயரின் ஒலிக்கு இத்துணை அஞ்சுவானேன்? விடை காண அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசினர் உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கிற்று. பதினோராம் வயதில் ஒரு தேர்வு. அதில் தேறிய தொழிலாளியின் மகன் ‘கிராமர் ஸ்கூல்’ என்னும் பள்ளிக்குச் சென்றான். அங்கே பாடத்தோடு பேச்சும் மாறிற்று. மாலையில் வீடு திரும்பியவன் தன் தாயின் பேச்சையே புதிய செவியால் கேட்டான். மறுபுறம் பெருங்குடியினர் பலர் வரிச்சுமை தாளாது மாளிகைகளை விற்றனர். (1979-இல் தொடங்கிய ‘டு த மேனர் பார்ன்’ தொடரில் ஒரு சீமாட்டியின் மாளிகையை வாங்குபவர் பல்பொருள் அங்காடிகளின் முதலாளி!) செல்வத்தைக் கொண்டு ஒருவரை இன்னார் என்று அறிய இயலாதபோது, சொல்லே அளவுகோலாயிற்று.

மேற்குடியினரைப் பிறரினின்று பிரித்துக் காட்டுவது அவர்தம் மொழி ஒன்றே என்று 1954-இல் ஆலன் ராஸ் என்னும் மொழியியலாளர் எழுதினார். மறு ஆண்டு நான்சி மிட்போர்டு என்னும் எழுத்தாளர் அக்கருத்தைப் பரப்பவே, நாட்டில் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. உணவு மேசையில் கை துடைக்கும் துணியை மேற்குடியினர் ‘நாப்கின்’ என்று இயல்பாகச் சொல்வர். மேலே ஏற விரும்புவோரே ‘செர்வியட்’ என்பர். நாகரிகம் என்று எண்ணி எடுத்தாண்ட சொல்லே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஹயசிந்தின் பூச்செண்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அவர் பெரிதும் அஞ்சுவது அயலாரை அன்று, சொந்தக் குடும்பத்தை. நகராட்சி கட்டித் தந்த எளிய வீட்டில் அவருடைய சகோதரிகள் டெய்சியும் ரோசும், பனியனோடு திரியும் டெய்சியின் கணவர் ஆன்ஸ்லோவும் வாழ்கின்றனர். நினைவு தடுமாறும் முதிய தந்தையும் அங்கேதான் இருக்கிறார். எங்கேனும் சென்று ஏதேனும் செய்து மானத்தை வாங்கிவிடுவார். மகன் ஷெரிடனோ வெளியூரில் படிக்கிறான். பணம் வேண்டும்போது தொலைபேசியில் அழைக்கிறான். தாய் அதனையும் பெருமையாகவே கொள்கிறார். அவர் மறைக்க விரும்பும் தந்தை நம் கண்முன் வருகிறார். ஓயாது புகழும் மகனோ தொடர் முழுவதிலும் ஒருமுறையேனும் தோன்றுவதில்லை.

இதே கதையை இளையவன் பக்கமிருந்து, சற்றுக் கடுமையாகவே கூறுவது ‘ஸ்டெப்டோ அண்டு சன்’. ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரும் எழுதியது. லண்டனில் குதிரை வண்டி ஓட்டிக் காயலான் கடை நடத்தும் தந்தையும் மகனும் அதன் மாந்தர். மகன் ஹெரால்டு உயர்ந்த இசையையும் நல்ல நூல்களையும் நாடுகிறான்; தந்தை ஆல்பர்ட் குளிக்கும் தொட்டியிலேயே அமர்ந்து ஊறுகாய் வெங்காயம் தின்கிறார். (தந்தையாக நடித்த வில்பிரட் பிராம்பெல், மகனாக நடித்த ஹாரி கார்பெட்டைவிடப் 13 ஆண்டுகளே மூத்தவர் என்பது வியப்பு.)

1962 ஜனவரியில் வெளிவந்த முதல் நாடகத்தின் இறுதியில், ஹெரால்டு வீட்டைவிட்டுப் போயே தீருவது என்று தன் உடைமைகளை வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தரத் தந்தை மறுக்கிறார். தானே இழுக்க முயல்கிறான், வண்டி அசையவில்லை. அதுவரை சிரிப்பொலி கேட்ட நாடகத்தில் ஹெரால்டின் அழுகுரல் ஒலிக்கிறது. தந்தை அருகில் வந்து, மென்மையாகப் பேசி, அவனை மீண்டும் உள்ளே அழைத்துச் செல்கிறார்.