ஸ்னோமொபைல் பெல்ட் முறிவு

பனிமலைகளில் ஓடும் ஸ்னோமொபைலில், எஞ்சின் பக்கத்து முதன்மைக் கிளட்சிலிருந்து இரண்டாம் கிளட்சுக்கு விசையைக் கடத்துவது இழை பொதிந்த ஒரு ரப்பர் பெல்ட். தேயும் பொருளாதலால் எப்போதாவது அறுவது இயல்பு. புதிது மாட்டியும் அடுத்தடுத்து அறுந்தால், குறை பெரும்பாலும் பெல்ட்டில் இல்லை. அதைச் சுழற்றும் அமைப்பில் இருக்கிறது. அறுந்த பெல்ட்டே அதற்குச் சாட்சி. ஒரு விளிம்பு மட்டும் நைந்திருந்தால் கிளட்சுகள் நேர்கோட்டில் இல்லை. எஞ்சின் தாங்கிகள் தளர்ந்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம். பக்கங்கள் பளபளத்து இறுகியிருந்தால் வழுக்கலும் வெப்பமும் காரணம். ஓரிடம் மட்டும் குழிந்திருந்தால், வண்டியை நகர்த்தும் பட்டையான டிராக் உறைந்து நகராமல் நிற்க, கிளட்ச் மட்டும் சுழன்று பெல்ட்டை அரைத்திருக்கிறது.

ஆழ்பனியும் செங்குத்து ஏற்றமுமே காரணம் என்று வாதிடுவோர் உண்டு. சுமை கூடுவதும், மெல்ல ஏறும்போது வெப்பம் தேங்குவதும் உண்மைதான். ஆனால் மலைக்கென்றே வடிவமைத்த வண்டிக்கு அது வழக்கமான சுமை. முறிவு தொடர்வதை அது மட்டும் விளக்காது. உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் திறன் குறைகிறது. முதன்மைக் கிளட்சிலுள்ள எடைகளை அதற்கேற்ப மாற்றாவிட்டால் எஞ்சின் உரிய சுழற்சியை எட்டாமல் திணறும்; அதுவும் பெல்ட்டைப் பாதிக்கும். ஆகவே தடித்த பெல்ட் தேடுவதற்கு முன் கிளட்சுகளின் நேர்கோடு, அவற்றின் மைய இடைவெளி, பெல்ட்டின் தொய்வு ஆகியவற்றை அளப்பதே முறை.